கப்பலின் கொடியும் கரையில் இருந்த நாளும்: வாசகர் கேள்வி பதில்

கடல் வேலை, வெளிநாட்டு விசா பற்றி வாசகர்கள் கேட்பவற்றுக்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதி வருகிறேன். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்து. கடலே இல்லாத ஊர்க்காரர்கள்தான் நாம். ஆனால் டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூர் கம்பெனிகளுக்குப் போகிற பிள்ளைகளோடு கப்பலுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். நானும் பாலக்கோட்டிலிருந்து போய், எஞ்சின் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடிதங்கள் எல்லாம் பிரிட்டிஷ் குடியுரிமை என்ற ஒரே விஷயத்தைச் சுற்றியே வந்திருப்பதால் இந்த இதழை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

என் மகன் மர்ச்சன்ட் நேவியில் தேர்டு ஆபீசர். ஆறு வருடமாக பிரிட்டிஷ் கொடி பறக்கும் கப்பல்களில்தான் வேலை. "பிரிட்டிஷ் கப்பலும் பிரிட்டிஷ் மண்ணும் ஒன்றுதான், ஐந்து வருடம் முடிந்தால் குடியுரிமைக்கு எழுதிப் போடலாம்" என்கிறார் ஓர் ஏஜென்ட். நான்கு லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?
ஒரு தாய், காவேரிப்பட்டணம்

கொடுக்காதீர்கள் அம்மா. ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நகையை அடகு வைக்கலாமா என்றும் கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம்.

இப்போது நடப்பில் உள்ளது 1981-ம் ஆண்டின் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம். 1983 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. வெளிநாட்டவர் ஒருவர் குடியுரிமை கேட்டால், விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் அவர் பிரிட்டனுக்கு வெளியே இருந்த நாள்கள் 450-ஐத் தாண்டக்கூடாது என்கிறது அந்தச் சட்டம். கடைசி ஓராண்டில் மட்டும் 90 நாளைத் தாண்டக்கூடாது. அந்தக் கடைசி ஓராண்டு முழுக்க அவர் கையில் நிரந்தரமாகத் தங்கும் உரிமையும் இருக்க வேண்டும். "இருப்பது" என்றால் அந்த நாட்டுக்குள் ஆளாக இருப்பது. நடுக்கடலில் இருக்கிற கப்பலின் பின்னால் எந்தக் கொடி பறந்தாலும் அதில் வேலை செய்கிறவர் வெளியே இருக்கிறவர்தான்.

உங்கள் மகனின் கப்பலைப் பற்றி இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். கப்பலின் பின்பக்கம் பெயருக்குக் கீழே பதிவுத் துறைமுகத்தின் பெயர் எழுதியிருக்கும். அங்கே டக்ளஸ் என்று இருந்தால் ஐல் ஆஃப் மேன் பதிவு. ஹாமில்டன் என்றால் பெர்முடா, ஜார்ஜ் டவுன் என்றால் கேமன் தீவுகள். இவை எல்லாவற்றிலும் சிவப்புக் கொடிதான் பறக்கும். பார்க்கிறவர்கள் எல்லாவற்றையும் "பிரிட்டிஷ் கப்பல்" என்றே சொல்லிவிடுவார்கள். லண்டன் என்றே எழுதியிருந்தாலும் குடியுரிமைக் கணக்கில் அது அவருக்கு உதவாது.

ஏஜென்ட் சொல்வதற்குக் கொஞ்சம் மூலம் இல்லாமல் இல்லை. பிரிட்டனில் பதிவான கப்பலில் ஒரு குழந்தை பிறந்தால், தாய் தந்தையரில் ஒருவர் பிரிட்டிஷ் குடிமகனாக இருக்கும்பட்சத்தில், அல்லது அந்தக் குழந்தை எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் போய்விடும் என்றால், அது பிரிட்டனில் பிறந்ததாகவே கருதப்படும். பிறப்புக்கு மட்டும் உள்ள விதி இது. வேலை செய்கிறவருக்கு நீட்ட முடியாது. அரசின் நேரடிப் பணியில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் தனி வழி உண்டு. சரக்குக் கப்பல் கம்பெனி வேலை அரசுப் பணி ஆகாது.

"அவன் சவுத்தாம்ப்டனில் பலமுறை விசா இல்லாமலே இறங்கியிருக்கிறானே" என்று எழுதியிருக்கிறீர்கள். 1971-ம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் கப்பல் சிப்பந்திகளுக்குத் தருகிற சலுகை அது. வந்த கப்பலிலேயே திரும்பிப் போகவேண்டியவர், கப்பல் புறப்படும்வரை கரையில் இறங்கி இருக்கலாம், அவ்வளவுதான். அது குடியிருப்பு உரிமை இல்லை. அப்படி இறங்கிய நாள்களை எத்தனை வருடம் சேர்த்தாலும் நிரந்தர உரிமை வராது, நிரந்தர உரிமை இல்லாமல் குடியுரிமை விண்ணப்பமே கிடையாது.

மகனுக்கு உண்மையிலேயே அந்த ஆசை இருந்தால் வழி கரையில்தான் இருக்கிறது. அங்கே வேலை தருகிற நிறுவனம் ஒன்றின் மூலம் முறையான வேலை விசா எடுத்து, அங்கே குடியிருந்து, நிரந்தர உரிமை பெற்று, அப்புறம்தான் குடியுரிமை. அதற்கு அவர் படிக்கவேண்டிய அடுத்த பரீட்சைக்கு அந்தப் பணத்தைச் செலவழியுங்கள்.

என் தம்பி ஹல் நகரத்தில் எட்டு வருடமாகக் குடியிருக்கிறான். மனைவி அங்கே நிரந்தர உரிமை பெற்றவர், பிரிட்டிஷ் குடிமகள் இல்லை. தம்பிக்கும் நிரந்தர உரிமை கிடைத்து இரண்டு வருடம் ஆகிறது. கப்பலில் தேர்டு எஞ்சினியர். ஐந்து வருடத்தில் வெளியே இருந்தது 690 நாள், கடைசி வருடத்தில் 150 நாள் என்கிறான். 450, 90 என்ற கணக்கைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கவே பயப்படுகிறான்.
ஒரு வாசகர், ஊத்தங்கரை

தம்பி பயப்பட வேண்டாம். ஆனால் பாதி தயாரிப்போடு போகவும் வேண்டாம்.

450 என்பது சட்டத்தின் எண். அதைத் தாண்டியவர்களையும் ஏற்றுக்கொள்ள பிரிட்டிஷ் உள்துறை அமைச்சருக்குச் சட்டமே அதிகாரம் கொடுத்திருக்கிறது. அந்த அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று உள்துறை தன் அதிகாரிகளுக்கு எழுதி வைத்திருக்கும் வழிகாட்டுதலில் நம் தொழிலின் பெயரே உதாரணமாக இருக்கிறது. 480 நாள் வரை பொதுவாகப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 480-க்கு மேல் 900 வரை என்றால், மற்ற நிபந்தனைகள் எல்லாம் சரியாக இருந்து, வீடு, குடும்பம், சொத்தின் பெரும்பகுதி பிரிட்டனில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 730 நாள் வரை வெளியே இருந்தவர் ஏழு ஆண்டுகளாவது அங்கே குடியிருந்திருக்க வேண்டும், அதற்கும் மேலே போனவர் எட்டு ஆண்டுகள் என்று எதிர்பார்க்கிறார்கள். வெளியே இருந்தது வேலையின் தன்மையால் தவிர்க்க முடியாதது என்றால் அந்த எதிர்பார்ப்பையும் தளர்த்துகிறார்கள். அதற்கு அவர்கள் கொடுக்கும் உதாரணம்தான் வணிகக் கப்பல் மாலுமி.

உங்கள் தம்பிக்கு 690 நாள், எட்டு வருடக் குடியிருப்பு. இரண்டு பக்கமும் பொருந்துகிறது. கடைசி ஆண்டின் 150 நாள்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. 100 வரை சாதாரணமாக விட்டுவிடுவார்கள். 100-லிருந்து 180 வரை, மொத்தக் கணக்கும் மீறியிருக்கும் நிலையில், வீடு குடும்பத்தோடு வேலைக் காரணத்தையும் காட்ட வேண்டும். கம்பெனியின் லெட்டர்ஹெட்டில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எந்தக் கப்பலில், எதனால் அந்த வேலையைக் கரையிலிருந்து செய்ய முடியாது என்று எழுதி வாங்கச் சொல்லுங்கள். "நல்ல ஊழியர்" என்று புகழ்ந்து எழுதும் பொதுவான கடிதம் பயன்படாது. அதோடு வீட்டுக் கடன் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வரி) ரசீதுகள், வருமான வரித் தாள்கள், பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் கடிதம்.

இனி நாள் கணக்கு. இதில்தான் நம் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். மாலுமியின் பணிப் பதிவேடான சி.டி.சி.யை எடுத்து வைத்துக்கொண்டு, கப்பலில் சேர்ந்த (சைன் ஆன்), விலகிய (சைன் ஆஃப்) தேதிகளைக் கூட்டிவிட்டு அதுதான் கணக்கு என்று நினைக்கிறார்கள். சி.டி.சி. சொல்வது கப்பலில் இருந்த நாள். சட்டம் கேட்பது நாட்டுக்கு வெளியே இருந்த நாள். ஒருவர் மார்ச் 3-ம் தேதி ஹீத்ரோவில் விமானம் ஏறி, 5-ம் தேதி சிங்கப்பூரில் சைன் ஆன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 20-ல் ராட்டர்டாமில் சைன் ஆஃப், 22-ல் வீடு. சி.டி.சி.யில் இருப்பது மார்ச் 5 முதல் ஜூன் 20 வரை, 108 நாள். உள்துறை பார்ப்பது மார்ச் 4 முதல் ஜூன் 21 வரை, 110 நாள். புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் சேராது, முழு நாள்கள் மட்டும்தான். பிரிட்டனை விட்டுப் புறப்படும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. அதனால் போர்டிங் பாஸ், டிக்கெட் மெயில் எதையும் அழிக்க வேண்டாம்.

இரண்டு நாள் வித்தியாசம்தானே என்று தோன்றும். பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. சைன் ஆஃப் ஆனதும் நேராக ஊத்தங்கரைக்கு வந்து ஒரு மாதம் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்களே, அந்த மாதமும் வெளியே இருந்த நாள்தான். அதற்கு வேலைக் காரணமும் சொல்ல முடியாது. தம்பியின் 690-ல் ஊருக்கு வந்த நாள்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள். சேர்த்தால் 730-ஐத் தாண்டலாம். தாண்டினாலும் எட்டு வருடக் குடியிருப்பு இருப்பதால் சமாளிக்கலாம், ஆனால் விண்ணப்பத்தில் ஒரு கணக்கும் பாஸ்போர்ட்டில் இன்னொரு கணக்கும் இருக்கக் கூடாது. நன்னடத்தையும் ஒரு நிபந்தனை என்பதை மறந்துவிடக் கூடாது.

இன்னொன்று. விண்ணப்பம் போய்ச் சேரும் தேதியிலிருந்து ஐந்து வருடம் பின்னால் போனால் வருகிற அந்தத் தொடக்க நாளில் அவர் பிரிட்டனில் இருந்திருக்க வேண்டும். 2026 செப்டம்பர் 10-ல் விண்ணப்பம் சேர்ந்தால் 2021 செப்டம்பர் 11 அன்று அவர் எங்கே இருந்தார்? கப்பலில் என்றால், கரையில் இருந்த ஒரு நாளுக்குப் பொருந்துகிற மாதிரி விண்ணப்பத்தைத் தள்ளிப் போடுவது நல்லது. 2022-க்குப் பிறகு இதிலும் தளர்வுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் தேதியைத் தள்ளினால் தீருகிற விஷயத்துக்கு எதற்கு அதிகாரியின் தயவு?

900-ஐத் தாண்டியவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான்கு மாதம் கப்பல், இரண்டு மாதம் லீவு என்று ஓடுகிறவருக்கு ஐந்து வருடத்தில் 1,200 நாள் ஆகிவிடும். மிகவும் வலுவான காரணம் இல்லாமல் அதை ஏற்க மாட்டார்கள். நிராகரித்தால் விண்ணப்பக் கட்டணமும் திரும்பாது. கொஞ்ச வருடம் குறுகிய கான்ட்ராக்ட் அல்லது ஃபெர்ரி வேலை பார்த்துவிட்டு விண்ணப்பிப்பதே புத்திசாலித்தனம்.

மனைவி லெஸ்டரில் நர்ஸ், ஹெல்த் அண்ட் கேர் விசா. நான் டிபென்டன்ட் விசாவில் போய்விட்டு, ஆறு ஆறு மாதக் கான்ட்ராக்டில் கப்பலுக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். அவருக்கு நிரந்தர உரிமை கிடைக்கும்போது எனக்கும் கிடைத்துவிடும்தானே?
ஒரு வாசகர், பர்கூர்

இப்படியே போனால் கிடைக்காது. இந்தக் கடிதத்துக்குத்தான் நான் முதலில் பதில் எழுத உட்கார்ந்தேன், ஏனென்றால் உங்களுக்கு இன்னும் திருத்திக்கொள்ள நேரம் இருக்கிறது.

குடியுரிமைக்கு வேலைக் காரணம் பார்ப்பார்கள் என்று மேலே எழுதினேன் அல்லவா, அந்தக் கருணை நிரந்தர உரிமை கட்டத்தில் மாலுமிக்கு இல்லை. உங்கள் மனைவியின் விசா வழியில், எந்த 12 மாதத்தை எடுத்துப் பார்த்தாலும் 180 நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. 2018 ஜனவரிக்குப் பிறகு விசா பெற்ற கணவன் மனைவிக்கும் இதே விதி. ஜனவரி முதல் டிசம்பர் என்று கணக்கிட வேண்டாம், எந்த மாதத்திலிருந்து வேண்டுமானாலும் 12 மாதத்தை எண்ணுவார்கள். ஆறு மாதக் கான்ட்ராக்ட், முன்னும் பின்னும் பயணம், நமக்குப் பதில் ஏறவேண்டியவர் (ரிலீவர்) வரத் தாமதமானதால் ஒரு பத்து நாள் நீட்டிப்பு, இப்படியே 180 போய்விடும். தாண்டினால் அதுவரை சேர்ந்த வருடங்கள் உடைந்துவிடும்.

கம்பெனியிடம் மூன்று, நான்கு மாதக் கான்ட்ராக்ட் கேளுங்கள். அடுத்த கான்ட்ராக்டில் கையெழுத்துப் போடும் முன் கடந்த 12 மாதக் கணக்கை இருவரும் சேர்ந்து ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். மனைவி முதலில் குடிமகள் ஆகிவிட்டால், நீங்கள் பிரிட்டிஷ் குடிமகளின் கணவர் என்ற விசாவுக்கு மாறலாம். அந்த வழியில் இப்படி 180 என்ற எண் கிடையாது. ஆனாலும் இருவரும் அங்கேயே சேர்ந்து குடும்பம் நடத்துகிறீர்கள் என்று காட்ட வேண்டும். அப்புறம் குடியுரிமைக்குக் கேட்கும் காலமும் மூன்று ஆண்டுதான், வெளியே இருக்கலாம் என்கிற நாள் 270, நிரந்தர உரிமை கிடைத்த பிறகு ஓராண்டு காத்திருக்கவும் வேண்டாம். கடைசி ஆண்டின் 90 மட்டும் அப்படியே இருக்கும்.

நிரந்தர உரிமைக்கான காலத்தை ஐந்திலிருந்து பத்தாக்கும் யோசனை 2025 மே மாதம் வந்த அவர்களுடைய வெள்ளை அறிக்கையில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் அரசின் இணையதளத்தை நீங்களே திறந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டு மாலுமிகள் எப்படி பிரிட்டிஷ் பிரஜை ஆனார்கள்? நம் ஊர் மாலுமிகள்?
கல்லூரி மாணவர், பென்னாகரம்

நல்ல கேள்வி தம்பி. 1870-ம் ஆண்டுச் சட்டம்தான் ஐந்து வருடக் குடியிருப்பு அல்லது அரசுப் பணி என்ற நிபந்தனையைக் கொண்டுவந்தது. 1914-ம் ஆண்டுச் சட்டம் அதை, எட்டு ஆண்டுகளில் ஐந்து ஆண்டு பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில், அதில் கடைசி ஓராண்டு பிரிட்டனிலேயே என்று மாற்றியது. அன்றைக்கும் மாலுமிக்கு இதே கஷ்டம்தான்.

அப்படிப் பிரஜையானவர்களில் உலகம் அறிந்த பெயர் ஜோசஃப் கான்ராட். பின்னாளில் எழுத்தாளராகப் புகழ் பெற்றார். 1857-ல் இன்றைய உக்ரைனில் உள்ள பெர்டிச்சிவில் போலந்துக் குடும்பத்தில் பிறந்தவர், சட்டப்படி ரஷ்யப் பிரஜை. 1878-ல் லோஸ்டாஃப்ட் துறைமுகத்தில் வந்திறங்கி பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை பார்த்தார். 1884-ல் நம் சென்னைத் துறைமுகத்தில் ஒரு கப்பலை விட்டு இறங்கி ரயிலில் பம்பாய் போய் வேறு கப்பல் ஏறியிருக்கிறார். 1886 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரஜை, அதே நவம்பரில் கேப்டன் சான்றிதழ். பிற்காலத்தில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று கட்டிப் போடப்பட்டன. 1919-ம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டவர் பிரிட்டிஷ் கப்பலில் கேப்டனாகவோ சீஃப் ஆபீசராகவோ சீஃப் எஞ்சினியராகவோ இருக்கக் கூடாது என்றது. அதன் பிறகு வெளிநாட்டு மாலுமிக்கு குடியுரிமை என்பது பதவி உயர்வுக்கான கதவாகவே ஆகிவிட்டது.

நம்மவர்கள் கதை வேறு. பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்த லஸ்கர்கள், அதாவது பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை பார்த்த இந்திய மாலுமிகள், பிறப்பாலேயே பிரிட்டிஷ் பிரஜைகள், விண்ணப்பிக்கவே தேவையில்லை. ஆனால் 1925-ல் வெள்ளையர் அல்லாத மாலுமிகளைக் குறிவைத்து ஓர் ஆணை போட்டார்கள். பிரிட்டிஷ் பிரஜை என்பதற்கு எழுத்தில் ஆதாரம் காட்ட முடியாதவர்கள் போலீஸில் வெளிநாட்டவராகப் பதிய வேண்டும். கார்டிஃப் போன்ற துறைமுகங்களில் வருடக்கணக்கில் குடும்பம் நடத்திய இந்தியர்களும் ஏமன்காரர்களும், தாங்கள் பிறப்பால் யார் என்று நிரூபிக்க நின்றார்கள். அந்த மனிதர்கள் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டு ஓட்டிய கப்பல்களில்தான் அந்த நாட்டு வியாபாரம் நடந்தது. படிக்கும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

1949 முதல் காமன்வெல்த் குடிமக்கள் ஓராண்டு குடியிருந்தாலே பதிவு செய்துகொள்ளலாம் என்று இருந்தது. 1962-ல் அதை ஐந்தாக்கிவிட்டார்கள். "என் தாத்தா ஒரு வருஷத்தில் வாங்கினாராம்" என்று யாராவது சொன்னால் பொய்யில்லை, காலம் வேறு.

கப்பலிலிருந்து இறங்கி அங்கேயே தங்கிவிட்டால் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்கிறான் நண்பன்.
பெயர் வேண்டாம், அரூர்

கூடாது. அது குடியேற்றச் சட்ட மீறல். நன்னடத்தை நிபந்தனையில் வருடக்கணக்கில் பின்தொடரும், சி.டி.சி.யும் வேலையும் போகும். வீட்டில் இருப்பவர்களை நினைத்துப் பாருங்கள் தம்பி.

ஆங்கிலப் பரீட்சை கடினமா?
ஒரு வாசகி, மத்தூர்

பேசுவதும் கேட்பதும் பி1 என்ற நடுத்தர நிலையில் இருந்தால் போதும், கப்பலில் பேசிப் பழகியவருக்குச் சிரமமில்லை. அதோடு அந்த நாட்டு வாழ்க்கை, வரலாறு பற்றி 24 கேள்விகள், 45 நிமிடம், 18 சரியாக இருக்க வேண்டும். இதற்கு உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும்.

மகன் பிரிட்டிஷ் குடிமகன் ஆகப் போகிறான். சந்தூர் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. அதை இப்போதே அவன் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிடலாமா?
ஒரு தந்தை, போச்சம்பள்ளி

ஐயா, எழுதிவிடாதீர்கள். பிரிட்டிஷ் குடியுரிமை ஏற்ற அன்றே 1955-ம் ஆண்டு குடியுரிமைச் சட்டப்படி இந்தியக் குடியுரிமை போய்விடும், இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வாங்கினால் ஆயுளுக்கும் வந்து போகலாம், ஆனால் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு இவற்றை விலைக்கு வாங்கவோ தானமாகப் பெறவோ முடியாது. இன்றைக்கு இந்தியக் குடிமகனாகவே வெளிநாட்டில் குடியிருக்கிறார் என்றாலும் இதே தடைதான்.

வாரிசாக வருவதற்குத் தடையில்லை. அதனால் உயில் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள், தோப்பு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். பின்னால் அவர் விற்க நினைத்தால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும். ஊருக்குள் இருக்கும் வீட்டையோ வீட்டுமனையையோ தானமாகக் கொடுப்பதில் சிக்கல் இல்லை. பத்திரம் எழுதும் முன் கிருஷ்ணகிரியில் ஒரு வக்கீலிடம் நில வகைப்பாட்டைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள், பட்டாவில் நஞ்சை, புஞ்சை என்று இருப்பதுதான் முடிவு செய்யும். மகன் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்து அதற்கான சான்றிதழை வாங்கிய பிறகுதான் ஓ.சி.ஐ.க்கு விண்ணப்பிக்க முடியும். அந்தச் சான்றிதழின் நகல் ஒன்றை உங்களுக்கும் அனுப்பி வைக்கச் சொல்லுங்கள்.